புற்றுநோய்க்கு எந்த மருத்துவமனை? வகையும் தரமும் குறித்து ஒரு மதிப்பீடு

பயாப்ஸி முடிவு புற்றுநோய் என்று வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் எழும் கேள்வி "எங்கே காட்டுவது?" என்பதுதான். மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரியா, அடையாறா, வேலூர் சி.எம்.சி.யா, புறவழிச்சாலையில் புதிதாக எழுந்திருக்கும் கார்ப்பரேட் மருத்துவமனையா, தெரிந்த சர்ஜன் நடத்தும் நர்சிங் ஹோமா? உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். யாரோ ஒருவர் பிழைத்த இடம், யாரோ ஒருவர் இறந்த இடம் என்பதை வைத்து முடிவாகிவிடும்.

2022-ம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இத்தனை குடும்பங்கள் எடுக்கும் முடிவு செவிவழிச் செய்தியில் நிற்கக் கூடாது. எந்த வகை மருத்துவமனையில் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்ற கேள்வியை மருத்துவ உலகம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. அந்த ஆய்வுகள் சொல்வது என்ன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், தமிழ்நாட்டு நிலைமைக்கு அவை எப்படிப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தரத்தை எங்கே பார்ப்பது?

மருத்துவத் தரத்தை மூன்று தளங்களில் அளக்க வேண்டும் என்று 1966-ல் அவெடிஸ் டொனபீடியன் வகுத்துக் கொடுத்தார்: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டமைப்பு என்பது இயந்திரங்கள், படுக்கைகள், நிபுணர்கள். செயல்முறை என்பது நோயாளிக்குச் செய்ய வேண்டியதை உரிய நேரத்தில், உரிய முறையில் செய்தார்களா என்பது. விளைவு என்பது எத்தனை பேர் பிழைத்தார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பது. விளம்பரப் பலகையில் வருவது முதலாவது மட்டுமே. நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இரண்டாவதற்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து எடுத்த பகுதி பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. அங்கிருந்து வரும் அறிக்கையில் நிணநீர்க் கணுக்கள் எத்தனை பார்க்கப்பட்டன, எத்தனையில் நோய் இருந்தது, வெட்டிய விளிம்பில் நோய் உண்டா என்ற விவரங்கள் இருக்க வேண்டும். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. "4 கணுக்கள் பார்க்கப்பட்டன, நோய் இல்லை" என்று ஓர் அறிக்கை சொன்னால், அதை நற்செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்ஜன் போதிய அளவு எடுக்காமல் விட்டிருக்கலாம். நோய்க்குறியியல் மருத்துவர் போதிய அளவு தேடாமல் விட்டிருக்கலாம். மூன்றாம் ஸ்டேஜில் இருக்கும் நோயாளி இரண்டாம் ஸ்டேஜ் என்று கணக்கிடப்பட்டு, அவருக்குத் தேவையான கீமோ கிடைக்காமல் போகக்கூடும். வயிற்றில் தையல் தழும்பு மட்டும் அறுவை நன்றாக நடந்த இடத்திலும் குறையாக நடந்த இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்.

மார்பகப் புற்றுநோயிலும் இதுவே நிலைமை. ஈ.ஆர்., பி.ஆர். என்னும் ஹார்மோன் ஏற்பிச் சோதனைகள் செய்யாத இடத்தில், ஹார்மோன் மாத்திரை யாருக்கு உதவும் என்று முடிவுசெய்ய வழியில்லை. டமாக்சிஃபென் விலை மலிந்த மாத்திரை. பல உயிர்களைக் காக்கும் மாத்திரையும்கூட. சோதனை இல்லாததால் அது தரப்படாமல் போனால் அந்தக் குறையை எந்த உயர்ந்த இயந்திரமும் ஈடுகட்டாது.

அமெரிக்க ஆய்வுகள் காட்டும் வேறுபாடு

வகை வாரியான ஒப்பீட்டில் அதிகம் பேசப்படுவது 2015-ல் ஜாமா ஆங்காலஜி இதழில் வந்த ஆய்வு. மெடிகேர் காப்பீட்டில் இருந்த முதியோரின் பதிவுகளைக் கொண்டு, அமெரிக்க மருத்துவமனைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: புற்றுநோய்க்கென்றே இயங்கும் 11 சிறப்பு மருத்துவமனைகள், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பிற மையங்கள், மருத்துவக் கல்லூரி சார்ந்தவை, மற்ற ஊர் மருத்துவமனைகள். நோயாளிகளின் வயது, பிற நோய்கள் போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகும், ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு சிறப்பு மருத்துவமனைகளில் 18 விழுக்காடு, ஊர் மருத்துவமனைகளில் 28 விழுக்காடு என்று வந்தது. பத்துப் புள்ளி வேறுபாடு எந்தப் புதிய மருந்தும் எளிதில் தராதது. ஆய்வை நடத்தியவர்கள் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும், அந்த மையமே அந்த 11-ல் ஒன்று என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வகையைவிடத் தெளிவான சான்று அறுவைகளின் எண்ணிக்கைக்கு இருக்கிறது. ஜான் பர்க்மேயரும் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, 14 வகை அறுவைகளில் 25 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. கணையப் புற்றுநோய் அறுவை மிகக் குறைவாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு; மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8 விழுக்காடு. உணவுக்குழாய் அறுவையிலும் ஒரு நுரையீரலை முழுதாக எடுக்கும் அறுவையிலும் வேறுபாடு பெரிது. பெருங்குடல், சிறுநீரக அறுவைகளிலோ வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் கீழே. கடினமான அறுவைக்கு அதை அடிக்கடி செய்யும் இடம் வேண்டும். எல்லா அறுவைக்கும் தலைநகருக்கு ஓட வேண்டியதில்லை.

பெயர்ப் பலகை எதை உறுதிசெய்யும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனைகளின் பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இணைப்பு மருத்துவமனைகளை, தலைமை மருத்துவமனைகளோடு யேல் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். கடினமான புற்றுநோய் அறுவைக்குப் பிறகு 90 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு இணைப்பு மருத்துவமனைகளில் சுமார் 1.4 மடங்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அறுவை அறையில் நிற்பவர்களும் ஐ.சி.யூ.வில் இரவில் விழித்திருப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். கிளைகள் பரப்பி வளரும் நம் ஊர் மருத்துவமனைத் தொடர்களைப் பார்க்கும்போதும் இதை மனத்தில் வைப்பது நல்லது.

குழுவாக அமர்ந்தால்

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1995-ல் வெளியான கால்மன்–ஹைன் அறிக்கை, ஊர் மருத்துவர், மாவட்ட அளவிலான புற்றுநோய்ப் பிரிவு, பெரிய மையம் என்ற மூன்று அடுக்கு வலையமைப்பை முன்வைத்தது. எல்லோரும் பெரிய மையத்துக்கு வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. எந்த அடுக்கில் எந்த வேலை நடக்க வேண்டும் என்று வரையறுத்தது.

அதே 1995-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் மார்பகப் புற்றுநோய்க்குப் பல்துறைக் குழு முறை வந்தது. சர்ஜன், கதிரியக்க நிபுணர், கீமோ நிபுணர், நோய்க்குறியியல் மருத்துவர், செவிலியர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் திட்டம் வகுக்கும் முறை அது. நம் மருத்துவமனைகளில் ட்யூமர் போர்டு என்பார்கள். இந்த முறை வராத அண்டைப் பகுதிகளோடு 13,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. குழு முறை வந்த பகுதியில் மார்பகப் புற்றுநோய் இறப்பு 18 விழுக்காடு குறைந்திருந்தது. வேலை செய்யும் முறை மாறியதற்குக் கிடைத்த பலன் என்பதால் இந்தச் சான்று ஏழை நாடுகளுக்கு மிக முக்கியமானது. மேசையும் நாற்காலியும் வாரத்தில் ஒரு காலைப் பொழுதும் அரசு மருத்துவமனையிலும் ஒதுக்க முடியும்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

ஒரு மருத்துவமனை "எங்களிடம் இத்தனை விழுக்காடு பேர் பிழைக்கிறார்கள்" என்று சொல்லும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் அங்கே வந்து சேர்கிறார்கள் என்பது. வசதியுள்ளவர், உடல் தெம்புள்ளவர், நோயை முன்கூட்டியே கண்டுகொண்டவர் தொலைதூர மருத்துவமனைக்குப் பயணம் செய்ய முடியும். மூச்சுத் திணறலோடும் இரத்தப்போக்கோடும் வருபவர் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போவார். பிந்தையதில் இறப்பு அதிகம் என்பதை வைத்து அங்கே சிகிச்சை மோசம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, ஸ்டேஜ் கணக்கு. ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-ல் இதைத் தெளிவாகக் காட்டினார். நல்ல ஸ்கேன் கருவி இருக்கும் இடத்தில், வேறு உறுப்புக்குப் பரவிய சிறு கட்டியும் தென்பட்டுவிடும். வேறிடத்தில் முதல் ஸ்டேஜ் என்று எழுதப்பட்டிருக்கும் சிலர் இங்கே நான்காம் ஸ்டேஜுக்கு மாற்றப்படுவார்கள். அவர்கள் விலகியதால் முதல் ஸ்டேஜின் கணக்கு உயர்கிறது. நோய் குறைவாகப் பரவிய இவர்கள் சேர்ந்ததால் நான்காம் ஸ்டேஜின் கணக்கும் உயர்கிறது. ஒருவரும் ஒரு நாள்கூட அதிகமாக வாழாமலே எல்லா ஸ்டேஜிலும் முன்னேற்றம் வந்ததுபோலத் தெரியும்.

மூன்றாவது நம் நாட்டில் மிகப் பெரியது: திரும்பி வராதவர்களின் கணக்கு. பாதியில் நின்றுபோனவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருத்துவமனையும் சிறப்பாகத் தெரியும். வராதவர்களில் பலர் இறந்திருப்பார்கள். அவர்களைத் தொலைபேசியிலும் கடிதத்திலும் நேரிலும் தேடிப் பிடித்துக் கணக்கில் சேர்க்கும் மருத்துவமனை, அப்படித் தேடாத மருத்துவமனையைவிட மோசமான எண்ணைக் காட்டும். உண்மையில் சிறந்தது முன்னதுதான்.

தமிழ்நாட்டின் நான்கு வகைகள்

தமிழ்நாட்டில் அறக்கட்டளை சார்ந்த சிறப்பு மையங்களின் மரபு பழமையானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தாவுக்கு 2005-ல் மகசேசே விருது கிடைத்தது. 2021-ல் அவர் மறையும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. மக்கள்தொகை அடிப்படையிலான சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கிருந்து நடக்கிறது. 2012-ல் தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டமும் தொடங்கியது. ட்யூமர் போர்டு, பதிவேடு, தொடர் கண்காணிப்பு, ஆராய்ச்சி ஆகிய நான்கும் இவ்வகை மையங்களின் பலம். தூரமும் கூட்டமும் அவற்றின் பலவீனம்.

அரசு மருத்துவமனைகள் இரண்டாவது வகை. 1968-ல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு, 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த அண்ணாவின் பெயரால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. கர்ப்பப்பை வாய், வாய், வயிறு, மார்பகம் என்று அங்கே ஒரு மருத்துவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை மிகப் பெரிது. அதனால் அனுபவத்துக்குக் குறைவில்லை. ஸ்கேனுக்கும் அறுவைக்கும் வரிசையில் நிற்கும் நாட்கள்தான் அங்கே உயிரைத் தின்கின்றன.

மூன்றாவது வகை கார்ப்பரேட் மருத்துவமனைகள். பரிசோதனை விரைவாக முடியும், இயந்திரம் புதிதாக இருக்கும், மருத்துவரைச் சந்திப்பது எளிது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி புற்றுநோய்க்காக ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் சராசரிச் செலவு அரசுத் துறையில் சுமார் 22,500 ரூபாய். தனியாரில் சுமார் 93,000 ரூபாய். சிகிச்சை ஒரு முறையோடு முடிவதில்லை. நான்காவது கீமோவில் கைப்பணம் தீர்ந்துவிட்டால், முதல் மூன்று எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும் சிகிச்சை தோற்றதாகத்தான் பொருள்.

நான்காவது வகை சிறு நர்சிங் ஹோம்கள். பெரும்பாலோர் முதலில் போகும் இடம் என்பதால் இங்கே நடக்கும் தவறு கடைசிவரை தொடரும். மார்பில் கட்டி என்றதும் ஊசி பயாப்ஸி எடுக்காமலே "கட்டியை எடுத்துவிடலாம்" என்று அறுத்துவிடுவதும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதும் புற்றுநோய் நிபுணர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்கள். அதன்பின் நோய் எவ்வளவு தூரம் இருந்தது, விளிம்பு சுத்தமா என்பது யாருக்கும் தெரியாது. அறுக்கும் முன் பயாப்ஸி என்ற ஒரே விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் இவ்வகையின் தீங்கில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அதனால் இன்று ஏழையும் தனியார் மருத்துவமனை வாசலை மிதிக்க முடிகிறது. இது பெரிய மாற்றம். காப்பீட்டு அட்டையை ஏற்கும் மருத்துவமனைக்கு அனுமதி தரும்போது இயந்திரமும் படுக்கையும் எண்ணப்படுகின்றன. ட்யூமர் போர்டு கூடுகிறதா, தொடங்கிய சிகிச்சையில் எத்தனை முடிந்தது என்பனவும் எண்ணப்பட வேண்டும்.

தொடங்குவதும் முடிப்பதும்

நான்கு வகைகளையும் ஊடறுத்து நிற்கும் ஒரே அளவுகோல் காலம். 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் அபாயம் அறுவையில் 6 முதல் 8 விழுக்காடு வரையும், சில கதிரியக்க, மருந்துச் சிகிச்சைகளில் 13 விழுக்காடு வரையும் கூடும் என்று காட்டியது. சிறந்த மருத்துவமனையில் மூன்று மாதம் காத்திருப்பதா, அடுத்த நிலையிலுள்ள மருத்துவமனையில் அடுத்த வாரம் தொடங்குவதா என்று முடிவெடுக்க நேரும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது.

முடிப்பதும் அதே அளவு முக்கியம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மக்கள் 'கரண்ட்' என்று சொல்லும் கதிரியக்கச் சிகிச்சை, வெளியிலிருந்து தருவதும் உள்ளே வைத்துத் தருவதும் சேர்ந்து, எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கரண்ட் வைக்க கிராமத்திலிருந்து வரும் கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு நகரத்தில் தங்க இடம் வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி போகும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். மூன்றாம் வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டால் இயந்திரத்தின் தரம் பயன்படாது. தங்கும் விடுதியும் பேருந்துக் கட்டணமும் இந்த நோயில் சிகிச்சையின் பகுதிகள். அவற்றைக் கவனிக்கும் சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனை, இல்லாததைவிடத் தரமானது.

இயந்திர வேறுபாட்டுக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் உமிழ்நீர்ச் சுரப்பியைக் காத்துக் கதிரைச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறையைப் பழைய முறையோடு பிரிட்டனில் ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் மிதமான அல்லது கடும் வாய் வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கும் புதிய முறையில் 38 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சோற்றை விழுங்க முடிவதும் பேச முடிவதும் தரம்தான். புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நம் மாநிலத்தில் இந்த வசதி அரசு மருத்துவமனை நோயாளிக்கும் கிடைக்க வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் கணக்கு வேறு. நுரையீரல் புற்றுநோயில் தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சை பெற்றவர்கள் 11.6 மாதமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள் என்று 2010-ல் வந்த அமெரிக்க ஆய்வு கண்டது. இதற்கு மார்ஃபினும் பயிற்சி பெற்ற செவிலியரும் போதும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வலி தணிப்புச் சேவையும் சேர்ந்திருக்கிறது. கடைசி மாதங்களில் நோயாளியைத் தொலைதூர ஐ.சி.யூ.வில் வைப்பதைவிட, ஊரில் இதைச் செம்மையாகச் செய்வது உயர்ந்த மருத்துவம்.

முடிவாக

இதுவரை பார்த்த சான்றுகளைத் தொகுத்தால் என் தீர்ப்பு இது: மருத்துவமனையின் வகை ஓர் அறிகுறி மட்டுமே. கணையம், உணவுக்குழாய், நுரையீரல், எலும்புக் கட்டி, குழந்தைகளின் புற்றுநோய் போன்றவற்றுக்கு அந்த வேலையை அடிக்கடி செய்யும் பெரிய மையத்தைத் தேடித்தான் போக வேண்டும். முதல் திட்டத்தை ட்யூமர் போர்டு இருக்கும் இடத்தில் வகுத்துக்கொண்டு, கீமோவையும் தொடர் பரிசோதனையையும் வலி தணிப்பையும் வீட்டுக்கு அருகில் பெறலாம். முடிக்கக்கூடிய சிகிச்சையே நல்ல சிகிச்சை. டாடா மெமோரியல் மருத்துவமனையின் முன்முயற்சியில் 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பொதுவான சிகிச்சை நெறிமுறைகளையும் மருந்துகளைச் சேர்ந்து வாங்கும் ஏற்பாட்டையும் அது தருகிறது. அரசு, அறக்கட்டளை, தனியார் என்ற வேலிகளைத் தாண்டி ஒரே நெறிமுறையில் இயங்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நோயாளியின் குடும்பம் எந்த வாசலில் நின்றாலும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இந்த அறுவையை இங்கே ஓராண்டில் எத்தனை செய்கிறீர்கள்? என் கோப்பை ட்யூமர் போர்டு பார்த்ததா? முழுச் சிகிச்சைக்கும் எவ்வளவு ஆகும், காப்பீடு எதுவரை தாங்கும்? எப்போது தொடங்கி எப்போது முடியும்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. தமிழ்நாட்டிடம் மாநிலம் தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தின் கோப்புகளும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து, ஸ்டேஜையும் வயதையும் சரிக்கட்டி, ஒவ்வொரு மருத்துவமனையிலும் சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். காப்பீட்டுப் பணம் மக்களின் வரிப்பணம். அந்தப் பணத்தைப் பெறும் எந்த மருத்துவமனைக்கும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், தன் விளைவுகளை மறைக்க உரிமை இல்லை.